ஃபயர்ஃபாக்ஸைக் கையால் மேம்படுத்தினால் புத்தகக்குறிகள் எங்கே போகின்றன?

டெபியன் 12 லினக்ஸ் உள்ள உங்கள் மேசைக்கணினியில் ஏதோ ஒரு தளம் "உங்கள் உலாவி மிகப் பழையது" என்று சொன்னதால், மொசில்லாவின் தளத்திலிருந்து ஃபயர்ஃபாக்ஸின் புதிய பதிப்பைத் தரவிறக்கி, தரவிறக்க அடைவிலேயே விரித்து இயக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய உலாவி திறந்திருக்கிறது, ஆனால் புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அதில் இல்லை. அதை மூடிவிட்டு மெனுவில் சொடுக்கினால் பழைய உலாவியே வருகிறது, அதில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எதையாவது அழித்துவிட்டோமா, இதை முறையாகச் செய்வது எப்படி என்பது உங்கள் கேள்வி.

எதுவும் அழியவில்லை. உங்கள் கணினியில் இப்போது இரண்டு ஃபயர்ஃபாக்ஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சுயவிவரத்தை, அதாவது புரொஃபைல் எனப்படும் அடைவை, வைத்துக்கொண்டிருக்கிறது. நடந்தது அவ்வளவே. நிரல் ஓரிடத்தில் இருக்கும், உங்கள் தரவு வேறோரிடத்தில் இருக்கும் என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், நீங்கள் சந்தித்த சிக்கல்களுக்கும் இனிச் சந்திக்கக்கூடியவற்றுக்கும் காரணம் தானாகத் தெளிவாகும். ஆனால் அதற்கு முன், கையால் மேம்படுத்த வேண்டிய தேவை உண்மையிலேயே உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டெபியன் தருவது ஃபயர்ஃபாக்ஸின் நீடித்த ஆதரவுப் பதிப்பு. பொதியின், அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பின், பெயரிலேயே 'ஈஎஸ்ஆர்' என்று இருக்கும். வழக்கமான ஃபயர்ஃபாக்ஸ் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புதிய எண்ணோடு வருகிறது. ஈஎஸ்ஆர் பதிப்போ ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒரே முதன்மை எண்ணில் நின்று, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற்றுக்கொண்டிருக்கும்: 115, 128, 140 என்று அது தாவித்தாவிச் செல்வது இதனால்தான். ஆகவே எண் சிறியதாக இருப்பதை வைத்தே உலாவி பாதுகாப்பற்றது என்று முடிவுகட்ட முடியாது. 2024 அக்டோபரில் அசைவூட்டக் காலக்கோட்டுக் குறிமுறையில் ஒரு கடும் ஓட்டை கண்டறியப்பட்டு, அதைத் தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தது தெரியவந்தபோது, வழக்கமான பதிப்புக்கு 131.0.2 வந்த அதே நாளில் ஈஎஸ்ஆர் பதிப்புகளுக்கு 128.3.1, 115.16.1 ஆகிய திருத்தங்களும் வந்தன. உங்களிடம் எச்சரித்த தளம் எண்ணை மட்டும் பார்த்துப் பேசியிருக்கக்கூடும். அல்லது நீங்கள் பல மாதங்களாக 'ஏபிடி' எனும் டெபியனின் பொதி மேலாளர் வழியாக மேம்படுத்தாமல் விட்டிருக்கலாம். முதலில் பொதிப் பட்டியலைப் புதுப்பித்து, கிடைக்கும் மேம்படுத்தல்களை நிறுவிப் பாருங்கள். எச்சரிக்கை அத்தோடு நின்றுவிட்டால், இந்தப் பதிலின் மீதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

எண் சிறியது என்பதும் உண்மையிலேயே காலாவதியானது என்பதும் வேறுவேறு என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 2025 மார்ச் 14 அன்று துணைநிரல்களைச் சரிபார்க்க உதவும் மொசில்லாவின் வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானது. 128க்கு முந்திய வழக்கமான பதிப்புகளும் 115.13க்கு முந்திய ஈஎஸ்ஆர் பதிப்புகளும் அன்றிலிருந்து துணைநிரல்கள் முடங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. எண்ணில் மிகச் சிறியதான 115.13 தப்பித்தது, அதைவிடப் பெரிய 127 மாட்டிக்கொண்டது. உங்கள் உலாவியில் விளம்பரத் தடுப்பான் திடீரென்று வேலைசெய்யாமல் போயிருந்தால், உங்களிடம் இருப்பது மெய்யாகவே பழைய பதிப்பாக இருக்கக்கூடும்.

ஈஎஸ்ஆர் போதாது, வழக்கமான பதிப்புதான் வேண்டும் என்றால், டெபியனிலும் உபுண்டுவிலும் என் முதல் பரிந்துரை மொசில்லாவே நடத்தும் ஏபிடி களஞ்சியம். 2024 ஜனவரியில், 122ஆம் பதிப்போடு, வழக்கமான ஃபயர்ஃபாக்ஸும் அதில் கிடைக்கத் தொடங்கியது. கையெழுத்துச் சாவியையும் களஞ்சிய முகவரியையும் ஒருமுறை சேர்த்துவிட்டால், அதன்பின் உலாவியும் மற்றப் பொதிகளோடு சேர்ந்து தானாக மேம்படும். உபுண்டு 22.04 முதலானவற்றில் மட்டும் ஒரு கண்ணி உண்டு: அங்கே ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் உள்ள டெப் பொதி வெறும் வழிகாட்டிப் பலகைதான், அது ஸ்னாப் எனப்படும் வேறொரு பொதி வடிவத்தை நிறுவிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த வெற்றுப் பொதியின் பதிப்பெண்ணுக்கு முன்னால் '1:' என்ற முன்னெண் இருப்பதால், மொசில்லாவின் பதிப்பு எவ்வளவு புதியதாக இருந்தாலும் ஏபிடியின் கண்ணுக்கு அது பழையதாகவே தெரியும். மொசில்லாவின் களஞ்சியத்துக்கு 1000 என்ற முன்னுரிமை எண்ணைத் தரும் ஒரு சிறு அமைவுக் கோப்பைச் சேர்த்தால்தான் இந்தப் போட்டி தீரும். டெபியனில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, கையால்தான் செய்ய வேண்டும் என்ற நிலை யாருக்கு வரும்? நிர்வாகி உரிமை இல்லாத கணினியில் வேலைசெய்பவருக்கு வரும். தன் லினக்ஸ் விநியோகத்தின் ஆதரவுக்காலம் முடிந்தும் உடனே மாற முடியாதவருக்கு வரும். ஒரே கணினியில் பல பதிப்புகளை வைத்துத் தளங்களைச் சோதிப்பவருக்கும் வரும். அவர்களுக்கு மொசில்லா தரும் டார் கோப்பு, அதாவது சுருக்கிய கோப்புத் தொகுப்பு, உண்மையிலேயே நல்ல வழி, ஏனென்றால் அதில் நிறுவல் என்று தனியாக எதுவும் இல்லை. விரித்த அடைவே முழு உலாவி.

கோப்பைத் தரவிறக்கும் பக்கத்தில் உங்கள் செயலி வகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 64 இரும (பிட்) கணினிகள்தாம் பெரும்பாலானவை. 136ஆம் பதிப்பிலிருந்து ஏஆர்எம்64 கணினிகளுக்கும் அதிகாரபூர்வக் கோப்பு கிடைக்கிறது. 32 இரும லினக்ஸுக்கு 144தான் கடைசி; பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் 140ஆம் எண் ஈஎஸ்ஆரில் இருந்துகொண்டு வேறு ஏற்பாட்டை யோசிக்க வேண்டும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. இடைமுகம் தமிழில் வேண்டுமென்றால் அதையே தேர்ந்தெடுக்கலாம், அல்லது பிறகு அமைவுகளில் மொழிப் பொதியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மொசில்லாவின் தளத்திலிருந்து பாதுகாப்பான இணைப்பில் நேரடியாக எடுத்திருந்தால், வீட்டுக் கணினிக்கு அதுவே பெரும்பாலும் போதும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அதே வெளியீட்டு அடைவில் ஷா256 சரிபார்ப்பு எண்களின் கோப்பும், அதற்கான கையெழுத்துக் கோப்பும், பொதுச்சாவியும் இருக்கும். எண்ணை மட்டும் ஒப்பிடுவது தரவிறக்கத்தில் கோப்பு சிதைந்ததா என்பதைத்தான் காட்டும். வழங்கியிலேயே யாரேனும் கைவைத்திருந்தால் எண்ணையும் சேர்த்தே மாற்றியிருப்பார்கள். அதைப் பிடிக்கக் கையெழுத்தை ஜிபிஜி என்ற சரிபார்ப்பு நிரல் கொண்டு சோதிக்க வேண்டும். பலர் எண்ணைப் பார்த்துவிட்டு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

விரிக்கும்போது ஒரு சிறு இடறல் வரலாம். பழைய வழிகாட்டிகள் டார் கட்டளையோடு 'எக்ஸ்', 'ஜே', 'எஃப்' என்ற மூன்று விருப்பங்களைத் தரச் சொல்லும். நடுவில் உள்ள 'ஜே' என்பது பிஜிப்2 சுருக்கத்துக்கானது. 2025 பிப்ரவரியில் வந்த 135ஆம் பதிப்பிலிருந்து மொசில்லா எக்ஸ்இசட் சுருக்கத்துக்கு மாறிவிட்டதால், அதே கட்டளை இப்போது 'இது பிஜிப்2 கோப்பல்ல' என்று முரண்டுபிடிக்கும். 'ஜே'யை விட்டுவிடுங்கள்; சுருக்க வகையை டார் தானே கண்டுகொள்ளும்.

இப்போது முக்கியமான முடிவு: அடைவை எங்கே வைப்பது, அது யாருடைய உடைமையாக இருப்பது. மரபுப்படி இத்தகைய மென்பொருளுக்கு உரிய இடம் வேர் அடைவின் கீழுள்ள 'ஆப்ட்' (/opt). அங்கே நிர்வாகியின் உடைமையாக வைத்தால் எல்லாப் பயனர்களும் இயக்கலாம், யாரும் மாற்ற முடியாது. ஆனால் அந்த 'யாரும்' என்பதில் ஃபயர்ஃபாக்ஸின் சொந்தப் புதுப்பிப்பானும் அடங்கும். லினக்ஸில் அந்தப் புதுப்பிப்பான் உங்கள் உரிமையோடுதான் இயங்குகிறது. அடைவில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் அதற்கும் இல்லை. ஆகவே நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இந்த வேலை முழுவதையும் நீங்களே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பொதி மேலாளருக்கோ இப்படியோர் உலாவி கணினியில் இருப்பதே தெரியாது.

மாறாக, உங்கள் வீட்டு அடைவுக்குள், உங்கள் உடைமையாகவே வைத்தால், 'ஃபயர்ஃபாக்ஸ் பற்றி' என்ற சாளரத்தைத் திறந்ததும் அது புதிய பதிப்பைத் தேடி, எடுத்து, மறுதொடக்கம் கேட்கும். முதல்முறை மட்டுமே கைவேலை. உங்கள் உரிமையில் இயங்கும் தீநிரல் ஒன்று உலாவியின் கோப்புகளை மாற்றிவிடலாமே என்று இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படுகிறது. மறுப்பு சரியானதே. ஆனால் அப்படியொரு தீநிரல் நுழைந்துவிட்டால், அது உங்கள் சுயவிவர அடைவில் உள்ள கடவுச்சொற்களையும் குக்கீகளையும் ஏற்கெனவே படிக்க முடியும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். பூட்டிவைத்து மறந்துபோன பழைய உலாவியைவிடத் தானாக மேம்படும் உலாவி ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு மேல் என்பது என் கருத்து. பள்ளி ஆய்வகம்போலப் பலர் அமரும் கணினிகளில் நிலைமை வேறு. அங்கே ஆப்ட் அடைவும், மாதந்தோறும் தவறாமல் வந்து பார்க்கும் ஒரு நிர்வாகியும் வேண்டும். எப்படியிருந்தாலும் தரவிறக்க அடைவில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். என்றோ ஒருநாள் இடம் காலிசெய்யும்போது உலாவியும் சேர்ந்து போய்விடும். புதுப்பிப்பதற்காக ஃபயர்ஃபாக்ஸை 'சூடோ' என்ற நிர்வாகி உரிமைக் கட்டளை கொண்டு இயக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். சாதாரணப் பயனரின் அமர்வில் நிர்வாகியாக இயங்க அது மறுக்கும். மறுக்காத சூழலில் சுயவிவரக் கோப்புகள் நிர்வாகியின் உடைமையாக மாறி, மறுநாள் உங்களால் உலாவியைத் திறக்க முடியாமல் போகும்.

உபுண்டு 24.04 பயன்படுத்துபவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. அங்கே ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு, அறியப்படாத நிரல்கள் பயனர் பெயர்வெளிகளை, அதாவது தம் பகுதிகளைத் தனிமைப்படுத்த உதவும் வேலிகளை, உருவாக்குவதைத் தடுக்கிறது. வீட்டு அடைவில் விரித்த ஃபயர்ஃபாக்ஸ் அத்தகைய அறியப்படாத நிரலே என்பதால், அதன் தனிமைப்படுத்தும் வேலிகளில் ஒன்று இயங்காமல் போய், பாதுகாப்பு குறைவாக இருக்கலாம் என்ற எச்சரிக்கைப் பட்டை தோன்றும். அந்த நிரலின் பாதையைக் குறிப்பிட்டுப் பெயர்வெளி அனுமதி தரும் ஆப்ஆர்மர் விதிக்கோப்பு ஒன்றைச் சேர்ப்பதே தீர்வு. கட்டுப்பாட்டைக் கணினி முழுவதற்கும் அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளையும் காண்பீர்கள். ஓர் உலாவிக்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பதற்கு ஒப்பானது அது.

இனி உங்கள் புத்தகக்குறிகள். 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிறுவலும் தனக்கென ஒரு சுயவிவரத்தை எடுத்துக்கொள்கிறது. எந்த நிறுவல் என்பதை ஃபயர்ஃபாக்ஸ் அது இருக்கும் பாதையைக் கொண்டு அடையாளம் காண்கிறது. டெபியனின் ஈஎஸ்ஆர் ஒரு பாதையில் இருக்கிறது, நீங்கள் விரித்தது வேறொரு பாதையில் இருக்கிறது. ஆகவே புதியது வெற்றுச் சுயவிவரத்தோடு பிறந்தது. நாளை நீங்கள் அடைவை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் இதே 'காணாமற்போதல்' மீண்டும் நிகழும். அதனால்தான் முதலில் நிலையான இடத்தை முடிவுசெய்யச் சொன்னேன்.

முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்பதைத் தொடர்ந்து முக்காற்புள்ளியும் 'புரொஃபைல்ஸ்' என்பதும் ஆங்கிலத்தில் இட்டால், கணினியில் உள்ள சுயவிவரங்களெல்லாம் அவற்றின் அடைவுகளோடு வரிசையாகத் தெரியும். டெபியனுடையது 'டீஃபால்ட்-ஈஎஸ்ஆர்' என்றும், புதியது 'டீஃபால்ட்-ரிலீஸ்' என்றும் முடியும் பெயர் கொண்டிருக்கும். பழையதன் கீழுள்ள 'இயல்புநிலைச் சுயவிவரமாக்கு' என்ற பொத்தானை அழுத்தி, உலாவியை மறுதொடக்கம் செய்தால், உங்கள் புத்தகக்குறிகள் வந்துவிடும். பலரும் சொல்லும் விடை இதோடு முடிகிறது. ஆனால் நான் இங்கே நிறுத்தமாட்டேன்.

காரணம், இந்தப் பாதை ஒருவழிப் பாதை. புதிய பதிப்பு ஒரு சுயவிவரத்தைத் திறந்த கணமே அதன் தரவுத்தளங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றி, தன் பதிப்பெண்ணையும் அதில் குறித்துவைக்கிறது. பிறகு ஈஎஸ்ஆர் அதே சுயவிவரத்தைத் திறக்க முயன்றால், பழைய பதிப்பை இயக்குகிறீர்கள், புத்தகக்குறிகளும் உலாவல் வரலாறும் சிதையக்கூடும் என்று சொல்லி, வெளியேறு அல்லது புதுச் சுயவிவரம் உருவாக்கு என்ற இரண்டே வழிகளைத் தரும். இப்படிப் பழைய பதிப்புக்கு இறங்குவதை அனுமதிக்கும் கட்டளைவரி விருப்பம் ஒன்று உண்டு. அது தடையை நீக்குமே தவிரச் சிதைவைத் தடுக்காது.

ஆகவே பழைய சுயவிவரத்தை நகலெடுத்து, நகலைப் புதிய உலாவிக்குக் கொடுங்கள். இரண்டு உலாவிகளையும் முழுமையாக மூடுங்கள். வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் 'மொசில்லா' என்ற மறைந்த அடைவுக்குள் உள்ள 'ஃபயர்ஃபாக்ஸ்' அடைவைத் திறந்து, 'டீஃபால்ட்-ஈஎஸ்ஆர்' என்று முடியும் அடைவை முழுதாக நகலெடுத்து, நகலுக்கு வேறு பெயரிடுங்கள். பிறகு புதிய உலாவியில் முன்பு சொன்ன பக்கத்துக்குப் போய், புதிய சுயவிவரம் உருவாக்கும் உரையாடலில் அடைவைத் தேர்வுசெய்யும் பொத்தான் வழியாக அந்த நகலைச் சுட்டிக்காட்டி, அதையே இயல்புநிலையாக்குங்கள். மூல அடைவு தொடப்படாமல் இருப்பதால் அதுவே காப்புநகலாகவும் ஆகிறது, ஈஎஸ்ஆரும் பழையபடி திறக்கும். முழு அடைவையும் நகலெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்: கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும், அவற்றைத் திறக்கும் சாவி வேறொரு கோப்பிலும் இருப்பதால், ஒன்றை மட்டும் எடுத்துவந்தவர்கள் பூட்டிய பெட்டியோடு நிற்பார்கள். உபுண்டுவின் ஸ்னாப் வடிவத்தில் இந்த 'மொசில்லா' அடைவு 'ஸ்னாப்' என்ற அடைவுக்குள் ஆழத்தில் புதைந்திருக்கும்; தேட வேண்டிய இடம் மட்டுமே வேறு.

மெனுவில் பழையதே திறப்பதற்குக் காரணம் எளியது: மெனுவில் இருப்பது டெபியன் வைத்த '.டெஸ்க்டாப்' கோப்பு, அது ஈஎஸ்ஆரையே சுட்டுகிறது. உங்கள் வீட்டு அடைவின் உள்ளூர் 'அப்ளிகேஷன்ஸ்' அடைவில் அதுபோன்ற ஒரு கோப்பை உருவாக்கி, இயக்கும் வரியில் புதிய உலாவியின் முழுப்பாதையைத் தந்து, படவுருவுக்கு உலாவியோடு வந்துள்ள 128 படப்புள்ளி அளவுள்ள படத்தைச் சுட்டுங்கள். மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் ஆயத்தக் கோப்பே கிடைக்கிறது. பெயரை 'ஃபயர்ஃபாக்ஸ் புதியது' என்பதுபோல மாற்றிக்கொண்டால், இரண்டுக்கும் குழப்பம் வராது. முனையத்திலிருந்தும் திறக்க வேண்டுமென்றால், முனையம் நிரல்களைத் தேடும் பாதைப் பட்டியலில் உள்ள 'பின்' (bin) அடைவு ஒன்றில் அதற்கு ஒரு சிம்லிங்க், அதாவது குறியீட்டு இணைப்பு, போதும். மின்னஞ்சலில் வரும் இணைப்புகள் எந்த உலாவியில் திறக்க வேண்டும் என்பதைப் புதிய உலாவியின் அமைவுகளிலேயே இயல்புநிலையாக்கி முடித்துக்கொள்ளலாம்.

புதிய உலாவி திறக்கவே மறுத்து, முனையத்தில் 'எக்ஸ்பிகாம்' ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி வந்தால், உலாவிக்குத் தேவையான ஏதோவொரு நூலகம், அதாவது பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்கோப்பு, கணினியில் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். 'எல்டிடி' கட்டளையிடம் உலாவி அடைவில் உள்ள 'லிப்சுல்' கோப்பைக் கொடுத்தால், கிடைக்காத நூலகங்களுக்கு நேரே 'இல்லை' என்று காட்டும். அவற்றை மட்டும் ஏபிடி வழியாக நிறுவினால் போதும். டெபியன் 12 மேசைத்தளத்தில் இது நேர வாய்ப்பு குறைவு.

ஆப்ட் அடைவில் வைத்து மாதந்தோறும் கையால் மேம்படுத்தும் வழியைத் தேர்ந்தால், பழைய அடைவின்மேலேயே புதியதை விரிக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, முந்தைய பதிப்பின் கோப்புகள் சில உள்ளேயே தங்கிவிட, இரண்டு நாள்கள் காரணம் தெரியாத முறிவுகளோடு போராடினேன். உலாவியை மூடி, பழைய அடைவின் பெயரை மாற்றி, புதியதை அதே பழைய பாதையில் வையுங்கள். பாதை மாறாததால் சுயவிவரமும் மாறாது, மெனுவும் சிம்லிங்க்கும் அப்படியே வேலைசெய்யும். மூடாமல் மாற்றினால், அடுத்த தாவலைத் திறக்கும்போது மறுதொடக்கம் செய்தால்தான் தொடர முடியும் என்ற பக்கம் வந்து நிற்கும். ஓரிரு நாள்கள் பயன்படுத்திப் பார்த்தபின் பெயர்மாற்றிய அடைவை அழித்துவிடலாம்.

ஈஎஸ்ஆரை நீக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் நீக்குவதில்லை, ஏபிடி அதைப் பார்த்துக்கொள்கிறது, கையால் வைத்த உலாவி என்றைக்காவது திறக்காமல் போனால் தீர்வைத் தேட ஓர் உலாவி வேண்டும். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், குனோம் மேசைத்தளத்தின் தொகுப்பு ஏதேனும் ஓர் உலாவிப் பொதியை எதிர்பார்ப்பதால், ஏபிடி வேறோர் உலாவியை நிறுவவோ அந்தத் தொகுப்பையே நீக்கவோ முன்வரக்கூடும். அது காட்டும் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு ஆம் சொல்லுங்கள்.